இடது காலுக்கு வேலை இல்லாத வண்டி

1

சேகருக்கு விபத்து நடந்து ஒரு வருடம் ஆன அன்று, நான் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் இரும்புத் தாதுச் சுரங்கத்தின் முகாம் அறையில் இருந்தேன். இரண்டு வாரம் சுரங்கம், ஒரு வாரம் பெர்த்தில் வீடு. இதுதான் என் பிழைப்பு. ஷிப்ட் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றினால் உள்ளேயும் செம்மண். குளித்துவிட்டு ஊருக்குப் போன் போடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வசந்தி அழைத்தாள். சேகர் என் தம்பி. வசந்தி அவன் மனைவி.

"மாமா, டூட்டி முடிஞ்சுதுங்களா? அவரு பக்கத்துல இல்ல, மாடில இருக்காரு. அதான் இப்பப் பேசறேன்."

"என்ன வசந்தி, கால் வலி அதிகமா இருக்கா?"

"வலி கெடக்குதுங்க. புது ஜீப் வாங்கப் போறாரு. திரும்பவும் கியர் வண்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். 

ஊரில் இருப்பவர்களுக்கு அந்த விபத்து தெரிந்த கதை. பண்ருட்டியிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். முத்தாண்டிக்குப்பத்துக்குச் சற்று முன்னால் ஒரு டிராக்டர் சிக்னல் காட்டாமல் திரும்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, கணுக்கால் மட்டும் திரும்பவில்லை. நடப்பான். பாதத்தை மடக்கவோ, மெல்ல அழுத்தி மெல்ல விடவோ முடியாது.

கிளட்ச்சை மெல்ல அழுத்தி மெல்ல விடுவதுதான் அவன் தொழில்.

2

எங்கள் அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட், நிரந்தரத் தொழிலாளி. நாங்கள் இருவரும் நெய்வேலி டவுன்ஷிப் பிளாக்கில், கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பத்தில் வீடு கட்டினோம். நான் டிப்ளமோ முடித்து, ஓமன் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். சேகர் போகவில்லை. பெர்மனென்ட் ஆவோம் என்று பல வருடம் காத்திருந்தான். ஆகவில்லை. ஒரு ஜீப் வாங்கி, கான்ட்ராக்டர் மூலமாக அதே சுரங்கத்தின் சர்வே பிரிவுக்கு வாடகைக்கு விட்டான். தானே ஓட்டினான்.

சுரங்கத்துக்குள் வண்டி ஓட்டுவது என்னவென்று பார்க்காதவர்களுக்குச் சொல்வது கடினம். அங்கே சாலை என்று ஒன்று நிலையாக இருக்காது. வெட்டும் இடம் நகர நகர, இறங்கும் பாதையும் நகரும். இன்று ஓட்டிய தடத்தில் சில மாதம் கழித்துப் பள்ளம்தான் இருக்கும். வெயிலில் புழுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்மண்ணும் களிமண்ணும் சேர்ந்து சோப்பு போல வழுக்கும். அந்தச் சரிவில் சர்வே ஆட்களையும் அவர்களுடைய கருவிகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கி, திரும்ப ஏற வேண்டும்.

விபத்துக்குப் பிறகு அந்தக் கான்ட்ராக்டர் ஒரு கூலி டிரைவரை வைத்து சேகரின் ஜீப்பை ஓடவிட்டார். நல்ல மனிதர். ஆனால் புது ஒப்பந்தத்துக்குப் பழைய ஜீப் ஆகாது. புது வண்டி வேண்டும், ஓட்டுபவர் யார் என்பதும் முடிவாக வேண்டும். சேகர் தன் பெயரைத்தான் கொடுத்திருந்தான்.

மறுநாள் நானே அவனைக் கூப்பிட்டேன்.

"ஆட்டோமேட்டிக் பாருடா. இப்பல்லாம் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்லயும் நல்லா வருது."

"அண்ணா, களிமண்ணு எறக்கத்துல வண்டியப் புடிக்கறது பிரேக் இல்ல, கியரு. ஃபர்ஸ்ட்டுல போட்டுட்டு காலத் தூக்கிட்டா அது பாட்டுக்கு எறங்கும். ஆட்டோமேட்டிக்ல பிரேக்கத்தான் நம்பணும். சேத்துல பிரேக் அடிச்சா என்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா?"

"அதுலயும் லோ கியர்ல லாக் பண்ணலாம்."

"பண்ணலாம்ணா. ஆனா எப்ப மாத்தணும்னு வண்டி முடிவு பண்ணும். நான் சும்மா ஸ்டீரிங்கப் புடிச்சிக்கினு உக்காரணும். அதுக்கு நான் எதுக்கு?"

உன் கால் என்ன ஆகும் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் வண்டி என்ன விலை என்று கேட்டேன்.

3

நான் ஓட்டுவது டம்பர், தாது ஏற்றும் ராட்சத லாரி. அதன் டயரே என்னைவிட உயரம். ஏணியில் ஏறித்தான் உட்கார வேண்டும். அதில் கிளட்ச் கிடையாது. இதைச் சொல்லி சேகரை மடக்கப் பார்த்தேன். "அது வண்டி இல்லண்ணா, பில்டிங்கு" என்றான்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வண்டியை ஓட்டுவதைவிட அதைப் பற்றிப் பேசுவதுதான் சிரமமாக இருந்தது. ஒருமுறை சுரங்கத்தில் ஒரு சின்ன வண்டி டயர் பஞ்சராகி நின்றது. நான் ரேடியோவில் "ஸ்டெப்னி வேண்டும், சீக்கிரம் அனுப்புங்கள்" என்றேன்.  பிறகு மேற்பார்வையாளர் மிகவும் அக்கறையாகக் கேட்டார், "அவர் எந்த ஷிப்ட்?" ஸ்டெஃபனி என்று ஒரு பெண்ணை நான் தேடுவதாக நினைத்துவிட்டார். மாற்றுச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் உலகம் முழுவதும் உண்டு என்று நான் நம்பியிருந்தேன். இப்போது எங்கள் குழுவில் எல்லோருமே அதை ஸ்டெஃபனி என்றுதான் சொல்கிறார்கள்.

வீட்டில் எனக்கென்று ஒரு பழைய கியர் ஃபோர் வீல் டிரைவ் வண்டி உண்டு. பெர்த்துக்கு வடக்கே கடற்கரை மணல்மேடுகளில் ஓட்டுவேன். மணலில் கியர் மாற்றும் அந்த ஒரு நொடியில் வேகம் செத்துவிடும், சக்கரம் புதையும். கிளட்ச்சைப் பாதி அழுத்தி அழுத்தி வெளியே வரப் பார்த்தால் கருகல் வாடை வரும். அப்படி ஒருநாள் அச்சுவரை புதைந்து நின்றபோது ஒரு பெண்மணி பின்சீட்டில் இரண்டு குழந்தைகளோடு வந்து, கயிறு கட்டி என்னை இழுத்து விட்டுப் போனார். அவருடையது ஆட்டோமேட்டிக். என் மகள் யாழினி அன்று என்னோடு இருந்தாள். வீடு வரும்வரை சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள். 

யாழினி கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டோமேட்டிக்கில் ஓட்டித் தேர்வானால் உரிமத்தில் அதற்கு மட்டும்தான் அனுமதி. அவள் அதைத்தான் எடுத்தாள். நெய்வேலிக்காரன் மகள் கியர் தெரியாமல் இருக்கலாமா என்று நான் வீட்டில் நிறையப் புலம்பினேன். நான் தமிழில் புலம்புவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கவிதா, என் மனைவி, இரண்டுக்கும் நடுவில் சாதம் பரிமாறுவாள்.

"அப்பா, நான் போகணும். போறேன். நடுவுல என்ன நடக்குதுன்னு எனக்கு எதுக்குத் தெரியணும்?" இதைத் தமிழில் சொன்னாள், என் வசதிக்காக.

4

கார்த்திகையில் ஊருக்குப் போனோம். கவிதாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, நானும் யாழினியும்தான். அவளுக்கு அங்கே கல்லூரி விடுமுறை.

வாசலில் இறங்கியதும் யாழினி ஓடிப்போய் சேகரின் கையைப் பிடித்துக்கொண்டு, விமானத்திலேயே ஆங்கிலத்திலிருந்து மாற்றி ஒத்திகை பார்த்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள். "சித்தப்பா, உங்க கால் எப்படிப் பண்ணுது?"

சேகர் காலைக் குனிந்து பார்த்தான். "கால் ஒண்ணுமே பண்ணலமா. அதான் பிரச்சன."

வசந்திதான் முதலில் சிரித்தாள். அந்த வீட்டில் காலைப் பற்றி யாரும் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது என்று பிறகு சொன்னாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. சேகர் பழைய ஜீப்பின் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். கூலி டிரைவர் அன்று விடுப்பு.

"வாண்ணா, முந்திரித் தோப்புப் பக்கம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். யாழினியும் வரட்டும்."

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் சேகரைப் பார்த்தேன். அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஏறி உட்கார்ந்தேன். யாழினி பின்னால்.

தார்ச் சாலையில் ஓட்டியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கணுக்காலுக்குப் பதில் தொடையிலிருந்து மொத்தக் காலையும் தூக்கி கிளட்ச்சை மிதித்தான். ஒவ்வொரு முறையும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நெற்றி வேர்த்திருந்தது. "பாத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

தோப்புக்குள் செம்மண் தடம். மழைத்தண்ணீர் ஓடி ஓடி ஒரு பக்கம் ஆழமான வாய்க்கால் போல அறுத்திருந்தது. சின்ன மேடுதான். பாதி ஏறும்போது ஒரு வேர் மேல் சக்கரம் முட்டி ஜீப் நின்றது. அங்கிருந்து கிளப்ப வேண்டுமென்றால் கிளட்ச்சை நூல் பிடித்தாற்போல விட வேண்டும். சேகரின் கால் அப்படி விடவில்லை. ஒரேயடியாக வந்துவிட்டது. எஞ்சின் குலுங்கி அணைந்தது. ஜீப் பின்னால் உருளத் தொடங்கியது. அவன் பிரேக்கை அழுத்தினான், நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, ஆனாலும் ஈர மண்ணில் வண்டி வழுக்கிக்கொண்டே இருந்தது. யாழினி "அப்பா" என்று ஒருமுறை கத்தினாள். பின்சக்கரம் ஒன்று அந்த அறுப்புக்குள் இறங்கி, வண்டி சாய்ந்து, ஒரு முந்திரி மரத்தின் மேல் சாய்ந்தபடி நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாழினியின் முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

சேகர் ஸ்டீரிங்கை விடவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "பாப்பாக்கு அடிபட்டுச்சா?" என்று கேட்டான்.

"இல்ல சித்தப்பா. ஐ'ம் ஓகே."

"எறங்குமா. ரெண்டு பேரும் எறங்குங்க."

இறங்கினோம். அவன் உடனே இறங்கவில்லை. இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து, பிறகு இறங்கினான். பக்கத்துத் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வந்து தள்ள, நான்தான் ஜீப்பை மேலே ஏற்றினேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பும்போதும் நானே ஓட்டினேன்.  வீட்டுக்கு வந்ததும் வசந்தியிடம் சாவியைக் கொடுத்து, "அந்த வேற வண்டியப் பாக்கலாம்" என்றான். ஆட்டோமேட்டிக் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

5

வண்டியை மாற்றினால் உரிமத்திலும் அதைச் சொல்ல வேண்டும் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். மருத்துவச் சான்று வாங்கிக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். வரிசை, டோக்கன், ஜெராக்ஸ், திரும்பவும் ஜெராக்ஸ். பெர்த்தில் இதெல்லாம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே உட்கார நாற்காலி உண்டு, ஜெராக்ஸுக்குப் பதில் கடவுச்சொல் கேட்பார்கள், மறந்துபோனால் அதற்கு ஒரு வரிசை.

கவுண்டரில் இருந்தவர் பொறுமையானவர். சான்றை இரண்டு முறை படித்தார்.

"ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டலாம்னு குறிப்பு வரும் சார். சரிதானே?"

"கார்டுலயேவா?" என்றான் சேகர்.

"கார்டுலதான் சார்."

"சொரங்கத்து கேட்ல தெனமும் கார்டக் காட்டித்தாங்க உள்ள போவணும். எல்லாம் தெரிஞ்சவனுங்க."

"பாதுகாப்புக்குத்தான் சார் அது."

சேகர் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"விடுண்ணா. ஜீப்பக் கூலி டிரைவரையே ஓட்டச் சொல்லிடலாம். நான் வூட்ல இருக்கேன். இத்தினி வருஷமா கியர் போட்டவன், இவனுக்குக் கியர் குடுக்காதன்னு எழுதிக் குடுத்தா, அதைப் பையில வெச்சிக்கினு எப்பிடிப் போறது?"

 தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த யாழினி, கடைசி வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள். பையைத் திறந்து தன் உரிமத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"சித்தப்பா, இதப் பாருங்க. இங்க 'ஏ'ன்னு இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

சேகர் கார்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தான். "உனக்குக் கால் நல்லாத்தான இருக்குது?"

"நல்லா இருக்கு. எனக்குக் கியர் வேணாம்னு தோணுச்சு."

"வேணாம்னு தோணுச்சா?"

"ஆமா. போரிங்."

சேகர் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இன்னாண்ணா சொல்லுது இது?"

"இதைத்தான் வீட்லயும் சொல்லுது."

"உன்ன யாரும் ஒண்ணும் சொல்லலியாமா?"

"அப்பா மட்டும் சொல்வாரு. தினமும்."

அவன் சிரிக்கவில்லை. கார்டில் இருந்த அவள் படத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் இருவருக்கும் தோல்வியாகத் தெரிந்த ஒன்று, இந்தப் பெண்ணுக்கு வெறும் எழுத்தாக இருந்தது. அது அவனுக்கு ஆறுதலா, அதிர்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை. கார்டை அவளிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"டோக்கன் திரும்ப எடுக்கணுமா, அதே டோக்கன் போதுமான்னு கேட்டுக்கினு வாமா" என்றான்.

திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

6

புது ஆட்டோமேட்டிக் ஜீப் வந்தது நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய வாரம். மழை திரும்பவும் பிடித்துக்கொண்டிருந்தது. நால்வரும் தோப்புக்குப் போனோம்.

தொடக்கம் மோசமாக இருந்தது. இல்லாத கிளட்ச்சைத் தேடி அவன் இடது கால் தானாகவே முன்னால் போய் பிரேக்கில் விழுந்தது. வண்டி குப்புற விழுவதுபோல நின்றது. நாங்கள் எல்லோரும் முன்னால் போய் முட்டிக்கொண்டோம். இரண்டாவது முறையும் அப்படியே. வசந்தி பின்சீட்டிலிருந்து சொன்னாள், "அந்தக் கால மடக்கி சீட்டுக்குக் கீழ வைங்க."

"பாதம் மடங்காதுடி."

"அப்ப நீட்டி ஓரமா வைங்க. அது வேலைக்கு வர வேணாம், லீவு குடுங்க."

அவன் காலைக் கையால் எடுத்து ஓரமாக வைத்தான்.

அந்த மேட்டில் அதே இடத்தில் நிறுத்தினான். லீவரை லோவில் போட்டு, ஒன்றாம் கியரிலேயே பூட்டி, வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து மெல்ல ஆக்சிலரேட்டரில் வைத்தான். வண்டி பின்னால் போகவில்லை. இழுத்துக்கொண்டு ஏறியது. உச்சியில் திருப்பி, இறக்கத்தில் விட்டான். நான் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் தொடவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கியது. கியர் ஜீப் அளவுக்கு இறுக்கமாக இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் முந்தியது. அவன் முகம் சுளித்தது. பிறகு ஒரு தட்டு பிரேக், திரும்ப விட்டான். திரும்ப ஏறினான். திரும்ப இறங்கினான். எத்தனை முறை என்று எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம்.

கடைசியில் அவன் நிறுத்தியதும், "எப்பிடி இருக்குதுடா?" என்று நான் கேட்டேன்.

"நல்லா இருக்குதுண்ணா. ஆனா மண்ணு இன்னா சொல்லுதுன்னு இதுல கேக்கல. முன்னயெல்லாம் காலுக்குள்ள கேக்கும்." பிறகு பின்னால் திரும்பினான். "வசந்தி, முன்னால வா. நீ ஓட்டு."

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"தெரிய வேண்டியது ஒண்ணுமில்லன்றேன். ஒரு காலு போதும். வா."

வசந்தி புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஒரு வருடமாக மருத்துவமனைக்கும் பிசியோதெரபிக்கும் அவனை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனவள். மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சேற்றில் ஓட்டினாள். யாழினி வெளியே நனைந்தபடி நடந்துகொண்டே படம் எடுத்தாள். சேகர் பக்கத்துச் சீட்டில் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "மரம், மரம், மரம்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

இப்போது நான் மீண்டும் முகாமில் இருக்கிறேன். சேகர் தை மாதத்திலிருந்து வேலைக்குப் போகிறான். முதல் நாள் கேட்டில் கார்டைப் பார்த்த காவலர் குறிப்பைப் படித்துவிட்டு, "ஆட்டோமேட்டிக்கா? மைலேஜ் குடுக்குதா?" என்று மட்டும் கேட்டாராம். வேறு எதுவும் கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்ததுபோலப் பட்டது.

எந்த வண்டி நல்லது என்று இங்கே நண்பர்கள் கேட்கிறார்கள். மணலுக்கு ஒன்று, களி இறக்கத்துக்கு ஒன்று என்று இன்னமும் என்னால் மணிக்கணக்கில் பேச முடியும். ஆனால் யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் பேச்சைத் தொடங்குகிறேன்.

விபத்துக்குப் பிறகு அந்த ஒரு வருடமும் நான் எப்போது கூப்பிட்டாலும் சேகர் போனை வைக்க விடமாட்டான். நெய்வேலியில் மழையா, பெர்த்தில் வெயிலா, இட்லிக்கு என்ன சட்னி என்று இழுத்துக்கொண்டே இருப்பான். செய்ய வேறு வேலை இல்லாதவனின் பேச்சு அது. எனக்கு ஷிப்டுக்கு நேரமாகும், சொல்ல மனம் வராது.

நேற்று கூப்பிட்டேன். பின்னால் மழைச் சத்தம், யாரோ கருவியை ஏற்றும் சத்தம்.

"சேகர், சாப்டியா?"

"ஆச்சுண்ணா. சர்வேகாரங்க ஏறிட்டாங்க, எறக்கத்துல நிக்கறேன். அப்பறம் பேசறேன், வெச்சிடு."

அவனே வைத்துவிட்டான்.